சேவலுக்கு வாய்ப்பூட்டா?



பிரான்சில், தோர்தோன் பகுதிக் கிராமமொன்றில் நண்பர்களோடு ஒரு வாரம் தங்கினேன். விடியலில் சேவல் கூவியது, தேவாலய மணி அடித்தது, மதியம் கடைகளை மூடினார்கள். "நிம்மதியே இல்லை, வீட்டுக்காரரிடம் புகார் சொல்லுங்கள்" என்றார்கள் நண்பர்கள். மறுத்துவிட்டேன். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போதும் சொல்கிறேன், தவறு அவர்களுடையதே.

ஒலேரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல் கூவுகிறதென்று, அங்கே விடுமுறை வீடு வைத்திருந்தவர்கள் வழக்கே போட்டார்கள். 2019-இல் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவலின் பக்கம் நின்றது. வழக்குப் போட்டவர்களே 1,000 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்றது. 2021 ஜனவரியில் நாட்டுப்புற ஒலிகளையும் மணங்களையும் காக்கத் தனிச் சட்டமே வந்தது.

இதற்கெல்லாமா சட்டம் வேண்டும்? "காசு கொடுத்தோமே" என்கிறார்கள். கொடுத்தது அறைக்கும் படுக்கைக்கும்தான், ஊருக்கு அல்ல. நமக்குத்தான் விடுமுறை. மாடு கறப்பவருக்கு ஏது விடுமுறை? கோழியும் சாணமும் அவர் பிழைப்பல்லவா? அதை அப்புறப்படுத்திவிட்டு எந்தக் கிராமத்தை ரசிப்பது?

பிள்ளைகளே, எந்த ஊருக்குப் போனாலும் விருந்தாளியாகப் போங்கள். சேவல் கூவினால் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். உடம்புக்கும் நல்லது.