வவுச்சர் இல்லாத வரலாறு

கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எந்தச் சங்கத்துக்குப் போனாலும் ரொக்கப் புத்தகத்தைத் திறந்தவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு வவுச்சர் எங்கே?" என்பதுதான். "எல்லாருக்கும் தெரியும் சார், செலவு பண்ணினது உண்மை" என்று செயலாளர்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். சத்தியத்தைக் கோப்பில் வைக்க முடியாது, வவுச்சர் கொடுங்கள் என்பேன். அதனால் எனக்குப் பட்டப்பெயரே 'வவுச்சர்' என்றாகிவிட்டது.

அப்படிப்பட்ட நான் போன வருடம் வவுச்சர் இல்லாத ஒரு கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, நம் நூலகங்களைப் பற்றி என் மனதில் இருப்பதையும் சொல்கிறேன்.

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. 1952 பொதுத் தேர்தலில் சில தொகுதிகளில் வாக்காளர்களின் எண்ணிக்கையைவிடப் பதிவான வாக்குகள் அதிகமாம். ஆகவே கள்ள ஓட்டு என்பது நம் ஜனநாயகத்தோடு கூடவே பிறந்ததாம். படித்தவுடன் எனக்குள் இருந்த தணிக்கைக்காரன் விழித்துக்கொண்டான். வாக்காளரைவிட வாக்கு அதிகம் என்றால் அது மோசடி இல்லாமல் வேறென்ன? நாலு குழுக்களுக்கு அதை அனுப்பினேன். எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கும் என் பேத்திக்கும், "உன் புராஜெக்டுக்கு உதவும்" என்று சேர்த்து அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "தாத்தா, இதுக்கு வவுச்சர் எங்கே?"

சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. சரி, ஆதாரத்தைத் தேடி எடுத்துக் காட்டிவிடுவோம் என்று கிளம்பினேன். கைபேசியில் தேடினால் அதே வாசகம்தான் பத்து இடங்களில், எழுத்துப் பிழையோடு அப்படியே இருந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. பத்துப் பேர் சொன்னாலும் பத்தும் ஒரே ரசீதின் நகல் என்றால் அது ஒரு ரசீதுதான். அந்த ஒன்றும் போலியாக இருந்தால் பத்தும் போலி.

அடுத்து நூலகத்துக்குப் போனேன். அங்கே பழைய தேர்தல் புள்ளிவிவரம் எங்கே இருக்கும் என்று கேட்டேன். பணியில் இருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் காட்டியது போட்டித் தேர்வு அலமாரியை. புத்தகம் எடுப்பவர், திருப்பித் தருபவர், புதிதாகச் சேருபவர் என எல்லாவற்றுக்கும் இரண்டே பேர். கணினிகள் இருந்தன, இணையமும் இருந்தது. எதைத் திறந்து எங்கே தேடுவது என்று உட்கார்ந்து சொல்லித்தர மட்டும் ஆள் இல்லை. அவர்மேல் எனக்குக் குறையில்லை. அந்த வேலைக்கென்று ஒருவரைப் போடவில்லை என்பதுதான் குறை.

பொங்கல் விடுமுறைக்குப் பேத்தி வந்தாள். இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்தோம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் முதல் தேர்தலிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது. இலவசம்தான். நான் 1952 என்றும் தமிழ்நாடு என்றும் தேடிக் காணாமல் சலித்தேன். "தாத்தா, அப்போ தமிழ்நாடுன்னு பேரே கிடையாதே" என்றாள். உண்மைதான். பெயர் மாறியது 1969-ல். 'மெட்ராஸ்' என்று பார்க்க வேண்டும். வருடமும் 1951 என்று போட்டிருக்கிறார்கள். தேர்தல் நடவடிக்கைகள் அந்த ஆண்டின் கடைசியிலேயே நாட்டில் தொடங்கிவிட்டன. இந்த இரண்டு விஷயமும் தெரியாதவர்கள், 'அரசாங்கம் மறைத்துவிட்டது' என்று இன்னொரு செய்தி தயாரித்துவிடுவார்கள்.

அறிக்கையைத் திறந்தோம். அன்றைய சென்னை மாகாணத்தில் ஆந்திரப் பகுதியும், மலபாரும், தென் கன்னடமும் சேர்ந்திருந்தன. சட்டமன்றத்துக்கு மொத்தம் 375 இடங்கள். ஆனால் தொகுதிகள் 309 தான். கணக்கு இடிக்கிறதே என்று பார்த்தால், 66 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஒரே தொகுதியில் இரண்டு உறுப்பினர்கள். அதில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது, மற்றது பொது. அங்கே ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போடக் கூடாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொகுதியில் 50,000 வாக்காளர்கள். அதில் 30,000 பேர் வந்து ஆளுக்கு இரண்டு வாக்குப் போட்டால் பதிவானவை 60,000. வாக்காளரைவிட வாக்கு அதிகம்! மோசடி எங்கேயும் இல்லை. பற்று வரவு இரண்டும் சரியாக இருக்கிறது. கணக்கின் தலைப்பைப் படிக்காமல் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தவன் நான்.

அப்போதுதான் என் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. "மொதோ எலெக்சன்ல எனக்கு ரெண்டு சீட்டுக் கொடுத்தாங்கடா" என்பார். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னம் ஒட்டியிருந்த காலம் அது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, குழம்புகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் போய் இருபது வருடம் ஆன பிறகு, தேர்தல் ஆணையத்தின் அறிக்கை வந்து அவர் சொன்னது சரி என்று எனக்குச் சொல்கிறது. அந்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பேத்தி அதோடு விடவில்லை. இந்த முறை ஏன் போயிற்று என்று தேடினாள். உச்ச நீதிமன்றத்தின் 1959-ம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று கிடைத்தது. தீர்ப்புகளை 'இந்தியன் கானூன்' என்ற தளத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். 1957-ல் பார்வதிபுரம் என்ற இரட்டை உறுப்பினர் மக்களவைத் தொகுதியில் நின்றவர் வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். அங்கே பழங்குடியினரான இரண்டு வேட்பாளர்கள் அதிக வாக்குப் பெற்றதால், ஒதுக்கிய இடமும் பொது இடமும் அவர்களுக்கே போயின. கிரி வழக்குப் போட்டார். பழங்குடியினர் ஒருவர் பொது இடத்தில் வென்றது செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1961-ல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே சட்டம் போட்டு நீக்கினார்கள். ஒரு பொய்ச் செய்தியைத் துரத்திப் போனதில் இவ்வளவு பெரிய வரலாறு கிடைத்தது.

மறுநாள் குழுவில் என் தவறை ஒப்புக்கொண்டு எழுதினேன். நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நாற்பது வருடப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர், "நீயும் கட்சி மாறிட்டியா?" என்று கேட்டார். அதுதான் என்னை அதிகம் வருத்தியது. கணக்கைச் சரிபார்த்தவனைக் கட்சிக்காரன் என்று எண்ணும் அளவுக்கு வந்துவிட்டோம்.

தேட விரும்புகிறவர்களுக்காக நான் அறிந்துகொண்ட சில இடங்களைச் சொல்கிறேன்.

அரசியல் நிர்ணய சபை விவாதங்களும் நாடாளுமன்ற விவாதங்களும் நாடாளுமன்ற மின்நூலகத்தில் உள்ளன. 'அம்பேத்கர் அப்படிச் சொன்னார், படேல் இப்படிச் சொன்னார்' என்று வரும் செய்திகளைத் தேதியோடு அங்கே சரிபார்க்கலாம். தேதி இல்லாத மேற்கோளை நம்பவே நம்பாதீர்கள். 1960-களிலிருந்தான தேர்தல் முடிவுகளை அட்டவணையாக வேண்டுவோருக்கு அசோகா பல்கலைக்கழகத்தின் 'லோக் தாபா' இருக்கிறது. நம் நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா'வில் லட்சக்கணக்கில் உள்ளன. ஓர் ஆய்வேட்டை முழுதாகப் படிக்காவிட்டாலும் அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியலைப் பாருங்கள். அடுத்து எங்கே போவது என்று அதுவே வழி சொல்லும். பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் உண்டு.

எல்லாமே இணையத்தில் வந்துவிடவில்லை. சென்னைக்குப் போக முடிந்தால் எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, பழைய அரசாணைகள் அங்கேதான். பக்கத்திலேயே 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும்தான் அதன் அடித்தளம். கட்சி வரலாறு எழுத நினைப்பவர்களுக்குத் துண்டுப் பிரசுரம் பெரிய புதையல். எதற்கும் போகுமுன் என்ன சான்று கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். வெயிலில் திரும்பி வர நமக்கு வயதில்லை.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன்.

ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் காசு கொடுத்தால்தான் திறக்கும். 'ஜேஸ்டோர்' என்ற தளம் மட்டும் தனி ஆளாகப் பதிவு செய்துகொண்டால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்தில் படிக்க விடுகிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் என்று தொடங்கப்பட்டது. தனியார் கல்லூரியில் படிக்கும் என் பேத்திக்கு இல்லை, வரி கட்டும் எனக்கும் இல்லை. பொது நூலகத்தையும் இதில் சேர்க்கலாமே? வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், நூலகத்துக்குள் உட்கார்ந்து படித்தால் போதும்.

"மாவட்ட நூலகத்துக்கு வந்து யார் ஐயா ஆய்விதழ் படிக்கப்போகிறார்கள்?" என்று கேட்பார்கள். காலை எட்டு மணிக்கு நூலக வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். அரசமைப்புச் சட்டத்தைக் கேள்வி பதில் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்கிறார்கள். மூல விவாதம் அதே அறையின் கணினியில் கிடைக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாரும் படிக்கமாட்டார்கள்தான். ஆனால் பத்தில் ஒருவர் படித்தாலும் அது லாபக் கணக்கு.

சந்தாவைவிட முக்கியம் ஆள். மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும், வருபவர் தேடுவதைக் கேட்டு வழிகாட்டுவதற்கென்றே ஒருவர் வேண்டும். வாசகனின் நேரம் வீணாகக்கூடாது என்பதை நூலகத்தின் விதிகளில் ஒன்றாகவே வகுத்தவர் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்ததும் நம் மாகாணம்தான், 1948-ல். அந்தச் சட்டத்தின் பேரில்தான் இன்றும் நம் வீட்டு வரியோடு நூலக வரி சேர்த்து வாங்குகிறார்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். காசு கொடுத்தவன் சேவையைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

ஆள் போடும்வரை நாம் சும்மா இருக்கவும் வேண்டாம். நம்மில் கணக்கு பார்த்தவர்கள், கோப்பு எழுதியவர்கள், பாடம் நடத்தியவர்கள் எத்தனை பேர்! வாரத்தில் ஒரு காலை நூலகத்தில் உட்கார்ந்து தெரிந்ததைக் காட்டலாம். நான் நூலகரிடம் கேட்டிருக்கிறேன். மேலிடத்தில் அனுமதி கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அதுவரை வாட்ஸ்அப்பில் வரும் எந்த வரலாற்றையும் அனுப்பு பொத்தானை அழுத்துமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். என் பேத்தி என்னிடம் கேட்ட அதே கேள்விதான். நீங்களும் கேளுங்கள். நான் அனுப்பினால் என்னிடமும் கேளுங்கள்.