உத்தரவுக்கு முன்னே பதினெட்டு மணித்தியாலம்

ஓர் உரிமை சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பது வேறு. அதனைக் கேட்டு அதிகாரியின் வாசலில் நிற்பவனுக்கு அது கிடைப்பது வேறு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயோர்க் மாநிலத்திலே கைத்துப்பாக்கி உத்தரவுப் பத்திரம் பற்றி நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் பிணக்கு, இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியதேயாகும். துப்பாக்கியை விரும்புவோர் ஒருபுறம், வெறுப்போர் மறுபுறம் என இதனைப் பிரித்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால், உத்தரவு கொடுப்பவர் எந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்பதன்றோ மெய்யான கேள்வி?

1911ஆம் ஆண்டில் அம்மாநிலம் சலிவன் சட்டத்தை இயற்றிற்று. மறைத்து வைக்கக்கூடிய சிறு துப்பாக்கியை உத்தரவின்றி வைத்திருப்பது அன்றுமுதல் குற்றமாயிற்று. 1913இல் வந்த திருத்தம், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல விரும்புபவர் ‘தக்க காரணம்’ காட்டவேண்டும் என்றது. தக்க காரணம் என்றால் என்ன? சட்டம் அதை விளக்கவில்லை. பிற்கால நீதிமன்றங்கள் விளக்கின: ஊரிலுள்ள ஏனையோருக்கு இல்லாத விசேட ஆபத்து உமக்கு உண்டென்று நிரூபியும் என்றன. எல்லோருக்கும் பொதுவான அச்சம் காரணமாகாது. எனவே சாதாரண மனிதனுக்குக் கிடைத்தது வரையறுக்கப்பட்ட உத்தரவே. வேட்டைக்குக் கொண்டுபோகலாம், இலக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோகலாம், மற்றப்படி வீட்டிலே வைக்கவேண்டும்.

ரென்சலர் மாவட்டத்தைச் சேர்ந்த ரொபேட் நாஷ் என்பவரிடம் இத்தகைய உத்தரவே இருந்தது. தமது அயலில் அடுத்தடுத்துக் கொள்ளைகள் நடந்தமையையும், தாம் துப்பாக்கிப் பாதுகாப்பு உயர்நிலைப் பயிற்சியொன்றை முடித்திருந்தமையையும் எடுத்துக்காட்டி, அந்த வரையறையை நீக்குமாறு 2016இல் அவர் கேட்டார். அம்மாவட்டத்தில் உத்தரவு வழங்கும் அதிகாரம் நீதிபதி ஒருவரிடம் இருந்தது. அவர் மறுத்தார். அதே மாவட்டத்தின் பிராண்டன் கோக், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாள்வதில் தமக்குள்ள நெடிய அனுபவத்தைக் காட்டி அடுத்த ஆண்டில் கேட்டார். வேலைக்குப் போய்வரும் வழியில் வைத்திருக்கலாம் என்ற சலுகையோடு அவரும் திருப்பி அனுப்பப்பட்டார்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இவர்களுக்குத் தகுதியில்லை என்று யாரும் சொல்லவில்லை. குற்றவாளிகள் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் படித்த படிப்பும் மற்றவர் பெற்ற பழக்கமும் தராசில் ஏறவேயில்லை. அதிகாரியின் மனத்துக்குத் திருப்தி வரவில்லை; அவ்வளவே. பன்றியும் யானையும் பயிரை அழிக்க, துவக்கு உத்தரவுக்காகக் கச்சேரிப் படி ஏறிய எமது கமக்காரருக்கு இந்தத் ‘திருப்தி’ என்ற சொல்லின் பாரம் புதிதன்று.

அதிகாரியின் மனமே சட்டமாகும்போது அது எங்கே சாயும்? 1956 ஜனவரியில் அலபாமா மாநிலத்தின் மொன்ற்கொமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. மனைவியும் குழந்தையும் உள்ளே இருந்தனர். துப்பாக்கி எடுத்துச் செல்ல உத்தரவு வேண்டுமென்று அவர் விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. அவரிலும் மேலான ‘தக்க காரணம்’ அந்த நாட்டில் அன்று வேறு யாருக்கு இருந்திருக்கும்? பின்னாளில் அகிம்சையின் வழியிலே முற்றாக நின்ற பெரியார் அவர் என்பது வேறு விடயம். நியூயோர்க் மாநகரத்திலோ இந்தத் திருப்திக்கு விலையும் இருந்தது. உத்தரவுப் பிரிவில் கடமையாற்றிய பொலீஸ் உத்தியோகத்தர் சிலர் இலஞ்சம் பெற்றுக் காரியம் முடித்ததாக 2017இல் குற்றஞ்சாட்டப்பட்டனர்.

நாஷ், கோக் ஆகியோரின் வழக்கு 2022 ஜூன் 23இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் முடிவாயிற்று. ஆறு நீதியரசர் ஒருபக்கமும் மூவர் மறுபக்கமும் நிற்க, தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தோமஸ். ‘தக்க காரணம்’ என்ற விதி அரசியலமைப்பின் இரண்டாம், பதினான்காம் திருத்தங்களுக்கு மாறானது என்று அது வீழ்த்தப்பட்டது. இவ்வழக்கிலே நியூயோர்க்கின் ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பின வழக்கறிஞர்கள், பழைய விதிக்கு எதிராகவே மன்றுக்குத் தம் கருத்தைச் சமர்ப்பித்தார்கள். உத்தரவு கிடைக்காத ஏழைக் கறுப்பரும் ஹிஸ்பானியரும் வீட்டைக் காக்க வைத்திருந்த துப்பாக்கிக்காகச் சிறை போவதை அவர்கள் நாள்தோறும் கண்டவர்கள். இடதுசாரிகள், வலதுசாரிகள் என்று வரிசை பிரித்துப் பார்ப்போருக்கு இச்செய்தி சங்கடமானதுதான்.

தீர்ப்பின் அடிக்குறிப்பொன்று எம் கவனத்துக்குரியது. பின்னணி விசாரணையும் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்கும் மாநிலங்களை இத்தீர்ப்பு தொடாது. ஆனால் நீண்ட காத்திருப்பாலும் தாங்கமுடியாத கட்டணத்தாலும் சாதாரண மக்களுக்கு உரிமை மறுக்கப்படுமாயின் அது மீண்டும் வழக்காகலாம் என்கிறது அது.

நியூயோர்க் சட்டசபை நெடுநாள் பொறுக்கவில்லை. ஜூலை முதல் நாளிலேயே புதிய சட்டம் கையொப்பமாகி, செப்டெம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எடுத்துச் செல்லும் உத்தரவு வேண்டுவோர் நேரில் 16 மணித்தியாலம் வகுப்பிலும் 2 மணித்தியாலம் சுடும் களத்திலும் பயிலவேண்டும். எழுத்துப் பரீட்சையில் நூற்றுக்கு 80 பெறவேண்டும். பழைய வரையறைகள் தாமாக உதிர்ந்துவிடவில்லை. அவற்றை நீக்க விரும்புபவர் அதிகாரியிடம் மீண்டும் செல்லவேண்டும். இந்த வகுப்பே இன்று அதற்கு வாயில். நாஷ் முடித்த பயிற்சியை ஒரு பொருட்டாகக் கொள்ளாத அதே மாநிலம், பயிற்சியையே இப்போது திறவுகோலாக்கிவிட்டது!

இந்த மாற்றத்தை யாம் வரவேற்கின்றோம். மனத்தை அளக்கமுடியாது, மணித்தியாலத்தை அளக்கலாம். பரீட்சையில் 80 பெற்றவனுக்கும் 79 பெற்றவனுக்கும் உள்ள வித்தியாசம் தாளில் இருக்கிறது, அதிகாரியின் புருவத்தில் இல்லை. பாடத்திட்டமும் வெறுங்கண்துடைப்பன்று. துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் முறை, உயிர்போக்கும் பலத்தை எப்போது பயன்படுத்தலாம் என்னும் சட்டம், சச்சரவைத் தணிக்கும் வழி, பொலீசாரை எதிர்கொள்ளும்போது நடந்துகொள்ளும் முறை, தற்கொலைத் தடுப்பு ஆகியன எல்லாம் அதிலுண்டு. இறுதியாகச் சொன்னதைச் சிறு விடயமாக எண்ணற்க. 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் 26,000க்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்கென்று வாங்கிய கருவி பெரும்பாலும் வீட்டுக்காரனையே தின்கிறது. இதனை விற்பனையாளன் சொல்லமாட்டான். வகுப்பிலாவது ஒருவர் சொல்லட்டும்.

பதினெட்டு மணித்தியாலம் அதிகம் என்று கூக்குரலிடுவோரும் உளர். அமெரிக்காவின் 50 மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்டவை உத்தரவே வேண்டாம் என்று கதவைத் திறந்துவிட்டன; அங்கே ஒரு மணித்தியாலமும் படிக்கத் தேவையில்லை. மோட்டார் ஓட்டப் பழகுகிறவன் இதிலும் கூடிய நேரம் சில்லைப் பிடிக்கிறான். எனினும், இரண்டே மணித்தியாலம் சுட்டுப் பழகிய கை, இருட்டில், நடுக்கத்தில் என்ன செய்யும் என்ற ஐயம் எமக்கும் உண்டு.

ஆனால் குறை வேறிடத்தில் இருக்கிறது. இவ்வகுப்பை நடத்துவோர் தனியார். கட்டணமோ பல நூறு டொலர். போதிக்கத் தகுதி பெற்றோருள் தேசிய றைஃபிள் சங்கத்தின் சான்று பெற்றவர்களும் அடங்குவர். அந்தச் சங்கத்தின் நியூயோர்க் கிளையே மாநிலத்தின்மேல் வழக்குத் தொடுத்தது என்பதை நினைக்கச் சிரிப்பு வருகிறது. மாநகரில் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 340 டொலராக இருந்துவந்துள்ளது. இரண்டு நாள் வேலையை விட்டு வகுப்புக்குப் போகமுடிந்த வழக்கறிஞருக்கும் கடைமுதலாளிக்கும் இது பாரமன்று. இரவுக் கடையில் தனியே நிற்கும் சிப்பந்திக்கோ இது பழைய மறுப்பின் புதிய உருவம். முன்பு அதிகாரியின் புருவம், இன்று பணப்பை.

இன்னொன்று. பாடசாலை, வைத்தியசாலை, பூங்கா, சுரங்க இரயில், டைம்ஸ் சதுக்கம் என நீளும் பட்டியலில் அடங்கிய இடங்களிலே, உத்தரவு பெற்றவரும் துப்பாக்கியோடு நுழைதலாகாது என்கிறது அதே சட்டம். கூட்டம் மிகுந்த இடங்களுக்கு அத்தடை நியாயமே. 2022 மே 14இல், பஃபலோ நகர அங்காடியொன்றில் கறுப்பினத்தார் பதின்மர் சுட்டுக் கொல்லப்பட்ட மாநிலம் அது. ஆயினும் சுரங்க இரயிலை விட்டால் மாநகரின் தொழிலாளி எவ்வாறு வேலைக்குப் போவான்? மோட்டார் வைத்திருப்பவனுக்கு ஓர் உரிமை, இரயிலில் போகிறவனுக்கு வேறோர் உரிமை என்று அச்சட்டம் சொல்லாமற் சொல்கிறது.

நியூயோர்க் சட்டசபை வகுப்பைக் குறைக்கவேண்டியதில்லை, கூட்டினாலும் தவறில்லை. அதனை மாவட்டந்தோறும் அரசாங்கச் செலவில், வேலை செய்வோர் வரக்கூடிய மாலை வேளைகளில் நடத்தட்டும். பரீட்சையில் தேறியவருக்கு எத்தனை நாளில் பதில் கிடைக்கும் என்பதையும் பத்திரத்திலேயே அச்சிடட்டும். மாநிலம் இவற்றைச் செய்யாது விடுமாயின், அந்த அடிக்குறிப்பைக் கையிலேந்தி அடுத்த வழக்காளி படியேறுவார். அப்போது பயிற்சி வகுப்பும் சேர்ந்தே வீழக்கூடும்.