மலைச் சேற்றில் மழைக் கணக்கு

"இப்படி வானம் பொய்த்ததை நாங்கள் கண்டதே இல்லை" என்று கொங்கு நாட்டுப் பெரியவர்கள் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் கண்டது எழுபது, எண்பது ஆண்டுகள். முன்னோர் வாய்மொழியோ 1876-ல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் வரை செல்லும். மழைமானி கொண்டு அளந்த கணக்கும் ஓரிரு நூற்றாண்டுகளோடு நின்றுவிடுகிறது. அதற்கு முந்திய மழையை எழுதி வைத்தவர் யார்?

துருவப் பிரதேசத்தில் பனியே எழுதி வைத்திருக்கிறது. அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் விழும் பனி உருகுவதில்லை. ஆண்டுதோறும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, பாரத்தால் இறுகிக் கட்டியாகிறது. அதைத் துளைத்து நீண்ட உருளைகளாக வெளியே எடுக்கிறார்கள். கோடைப் பனிக்கும் குளிர்காலப் பனிக்கும் பிராணவாயு அணுக்களின் எடையில் நுண்ணிய வேறுபாடு உண்டு. பனி மிகுதியாக விழும் இடங்களில் அதைக் கொண்டே ஆண்டுகளை எண்ணிவிடலாம். 1815-ல் வெடித்த தம்போரா எரிமலையின் அமிலச் சுவடு, எண்ணியது சரிதானா என்று காட்டிவிடும். ஓராண்டுப் படிவின் கனத்தையும் அடர்த்தியையும் அளந்தால் அவ்வாண்டுப் பனியின் அளவு கிடைக்கும். சொல்வதற்கு எளிது! ஆழத்துப் படிவுகள் பனியின் மெல்லிய நகர்வால் இழுபட்டு மெலிந்திருக்கும்; அந்த மெலிவுக்கு ஈடுகட்டிக் கணக்கிட வேண்டும். காற்றும் ஓரிடத்துப் பனியை வாரி மற்றோரிடத்தில் குவித்துவிடும். ஆகையால் ஒரே துளையை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது.

உறைபனி நிலம் நமக்கில்லை, நீலகிரி இருக்கிறது. உதகையை அடுத்த சாண்டிநல்லாப் பகுதியில், கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே, சதுப்புகள் உள்ளன. அங்கே மடியும் புல்லும் செடியும் நீரில் மூழ்கிக் காற்றுப் படாமல் கிடப்பதால் முற்றும் மட்குவதில்லை, கருஞ்சேறாகப் படிகின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார், அகமதாபாத் ஆய்வுக்கூடத்தின் ஆர். ரமேஷ் முதலியோர் அச்சேற்றை ஆராய்ந்து, 20,000 ஆண்டு வரலாற்றை 1993-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

தாவரங்கள் கரியமில வாயுவை ஏற்கும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. நெல்லும் மரங்களும் ஒரு வகை. சோளமும் கரும்பும் மறுவகை. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் முன்னது செழிக்கும். வறட்சியில் பின்னதைச் சேர்ந்த புற்கள் மேலோங்கும். (கரும்பு குடிக்கும் தண்ணீர் நம் உழவர் அறிந்ததே, இங்கே பேச்சு காட்டுப் புற்களைப் பற்றியது.) இவ்விரு வகையும் தம்முள் சேர்க்கும் கனத்த கரி அணுவின் விகிதம் வேறு வேறு. செடி உருத்தெரியாமல் போனாலும் அந்த விகிதம் சேற்றில் தங்கிவிடுகிறது.

ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், நீலகிரியில் வறட்சிப் புற்களே மிகுந்திருந்தன. தென்மேற்குப் பருவமழை நலிந்திருந்தது. பனியுகம் தளர்ந்தபின் மழை பெருகியது. இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அக்காலத்தில் காற்றில் கரியமில வாயு குறைந்திருந்ததும் அப்புற்களுக்குச் சாதகமே. அந்தக் குறைவை நமக்கு அறிவித்தவையோ, துருவப் பனிக்கட்டியில் சிக்கிய காற்றுக் குமிழிகள்தாம்! பனிக்கட்டியைப் போல் இந்தச் சேறு ஆண்டுக் கணக்குத் தராது. நூற்றாண்டுகளின் ஈரத்தையும் வறட்சியையும் மட்டுமே சொல்லும்.

சாண்டிநல்லாவின் நீர் மோயாற்றில் சேர்ந்து பவானிசாகரை அடைகிறது. அங்கிருந்து வாய்க்கால் வழியே நம் வயல்களுக்கு வருகிறது. நீலகிரிச் சதுப்புகள் பல, உருளைக்கிழங்குக்கும் காரட்டுக்கும் தேயிலைக்குமாக வடிக்கப்பட்டுவிட்டன. வடிகால் வெட்டினால் நீர் இறங்கும், காற்றுப் புகும். அத்தனை காலம் மட்காமல் கிடந்த சேறு சில ஆண்டுகளில் மட்கத் தொடங்கிவிடும்.