கேட்டுச் செய்வதே கீழ்ப்படிதல்



“அரைக் கிலோ புளி வாங்கி வா” என்று தம்பியைக் கடைக்கு அனுப்புகிறோம். நாம் சொன்னது அவன் காதில் சரியாக விழவில்லை. அவன் திரும்பி வந்து கேட்டால் நல்ல பிள்ளை என்போம். கேட்காமல் வெறும் பையோடு வந்து, “வாங்கிவிட்டேன்” என்று சொன்னால்? நான் எழுதிய கணிப்பொறி நிரல் ஒன்று அப்படித்தான் செய்தது. அதனால் என் அன்னை தலைகுனிய நேர்ந்தது. அதிலிருந்து நான் கற்றதை உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் ஊர் பிள்ளைச்சாவடி. கடலோரத்தில் மீனவர் குடியிருப்பு. அருகிலேயே பெரியதொரு கல்விக்கூடம். பொறியியல் கல்லூரியாக இருந்து, 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே படிக்கும் என் பெரியப்பா மகளான அக்கா, விடுமுறையில் எனக்குச் ‘சி’ மொழி கற்பித்தார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி அது.

என் அன்னை மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்ப்பவர். வட்டி விகிதத்தையும், கணக்குக் கோப்பின் பெயரையும் அமைத்து வைக்க ஒரு சிறு கருவி எழுதிக் கொடுத்தேன். கறுப்புத் திரையில் ‘அமை --வட்டி 2’ என்று ஒரு வரி அடித்தால் போதும். இதைக் கட்டளை வரி என்பர். கோடிட்டு எழுதும் ‘--வட்டி’ போன்ற சொல் விருப்பச் சொல். அடுத்து வருவது அதன் மதிப்பு. நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்று குறித்துக்கொண்டால், 5,000 ரூபாய்க் கடனுக்கு மாதம் 100 ரூபாய் என்று கணக்கு எழுதும்.

அக்காவின் மடிக்கணினியில் தமிழ்99 விசைப்பலகை இருந்தது. அதில் இரு வகை உண்டு. ஒன்றில் வழக்கமான எண்கள், மற்றொன்றில் தமிழ் எண்கள். அன்று இரண்டாவது வகை இருந்ததால், அன்னை 2ஐ அழுத்தியதும் ‘௨’ வந்தது. “நம் எண்ணே வருகிறதே” என்று அவர் மகிழ்ந்தார். கருவியும் ‘அமைப்பு முடிந்தது’ என்றது.

அந்த மாதக் கூட்டத்தில் தாளைப் பார்த்தால், எல்லோர் பெயருக்கும் எதிரே வட்டி 0! “நாங்க கட்டின வட்டி எங்கே போச்சு?” என்று ஒருவர் கேட்டார். அன்னை கைப்பட எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டிய பிறகுதான் ஐயம் தீர்ந்தது. ஆனால் அந்த அரை மணி நேரம் அவர் முகம் வாடியதை நான் மறக்க முடியாது.

பிழை எங்கே? கட்டளை வரியில் வருபவை எல்லாம் நிரலுக்கு வெறும் எழுத்துக்களே. அவற்றை எண்ணாக்க ‘ஏடூஐ’ என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தியிருந்தேன். 0 முதல் 9 வரையுள்ள வழக்கமான எண்களையே அது அறியும். வேறு எது கொடுத்தாலும், குறை எதுவும் சொல்லாமல் 0 என்று விடை தரும். உண்மையான 0க்கும் தெரியாத 0க்கும் வேறுபாடே இராது. ‘ஸ்டர்டோல்’ என்ற மற்றொன்று, எந்த எழுத்தில் நின்றுவிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லும். முதல் எழுத்திலேயே நின்றால் அங்கே எண் இல்லை என்று நாம் அறியலாம். நான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

விருப்பச் சொற்களைப் பிரித்தறிய ‘கெட்ஆப்ட்’ என்ற செயற்கூறு பல்லாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. ஓரெழுத்து விருப்பங்களை அது ஒவ்வொரு பைட்டாகப் பார்க்கும். யு.டி.எஃப்-8 முறையில் ‘வ’ என்ற ஓர் எழுத்துக்கே 3 பைட்டுகள் தேவை. ஆகவே தமிழுக்கு ஓரெழுத்து விருப்பம் ஒத்து வராது. ஆனால் ‘கெட்ஆப்ட் லாங்’ முழுச் சொல்லையும் ஒப்பிடும். ‘--வட்டி’ அதில் நன்றாகவே வேலை செய்கிறது. அறியாத விருப்பம் வந்தால் அது பிழை என்று சொல்லும். ஆனால் மதிப்பு சரியா என்று பார்ப்பதில்லை. ‘--வட்டி’க்குப் பின் எண்ணை மறந்து ‘--கணக்கு’ என்று அடித்தால், ‘--கணக்கு’ என்பதையே வட்டியாக எடுத்துக்கொள்ளும்! மதிப்பைச் சோதிப்பது எழுதுபவரின் கடமை.

“தவறாக அடித்தவர் மீதுதானே குற்றம்?” என்று தோழி ஒருத்தி கேட்டாள். அடித்தவர் தவறலாம், மனிதர் தவறுவது இயல்பு. தவறு என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பைக்கூட அவருக்குத் தராதது யார் குற்றம்? “சிறு பிழைக்கெல்லாம் நிற்க வேண்டுமா? ஏதாவது ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு போகலாமே” என்பாரும் உண்டு. விருப்பச் சொல்லே வராதபோது வழக்கமான மதிப்பை வைத்துக்கொள்வது முறை. வந்த சொல் விளங்காதபோது ஊகிப்பது முறையன்று. அங்கே 0 என்பது பிறர் பணம். “பொத்தான்கள் இருக்கும்போது கறுப்புத் திரை எதற்கு?” என்றும் கேட்பர். என் அன்னை அந்த வரியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மாதந்தோறும் அதைப் பார்த்து அப்படியே அடிக்கலாம். பிழை நேர்ந்தால் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டும் பார்க்கலாம்.

இப்போது என் கருவி மூன்று விதிகளைப் பின்பற்றுகிறது. முதலில் வரி முழுவதையும் படித்துச் சோதிக்கும்; எல்லாம் சரியென்றால் மட்டுமே கோப்பைத் தொடும். ஐயம் இருந்தால், ‘வட்டி என்ன என்று விளங்கவில்லை. இப்படி எழுதவும்: --வட்டி 2’ என்று சொல்லி நின்றுவிடும். முடித்த பிறகு, ‘வட்டி: நூற்றுக்கு 2’ என்று தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லும்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. சொன்னதைச் செய்வதே கீழ்ப்படிதல் என்று நாம் எண்ணுகிறோம். விளங்காததை விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டுச் செய்வது கீழ்ப்படிதல் ஆகாது. நம்மை நம்பியவருக்குச் செய்யும் தீங்கு. வகுப்பில் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘புரிந்தது’ என்று ஒரே குரலில் சொல்லும் நமக்கும் இது பொருந்தும் அல்லவா? நிரல் எழுதப்போகும் தோழியரே, அதற்கு முதலில் “எனக்கு விளங்கவில்லை” என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். அதை நாமும் கற்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி, பிள்ளைச்சாவடி