பையை எடுத்தால் தீர்ந்துவிடுமா?

ஆந்திரத்தின் நகரியை ஒட்டிய ஏகாம்பரக்குப்பத்துத் தறித்தெருக்களில் எந்தப் பெண் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும், பக்கத்தில் இருப்பவர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: “பேசாம பையை எடுத்துடும்மா, நிம்மதியா இருப்ப.” பை என்பது கருப்பை. தெலுங்கு பேசும் வீடுகளில் இதையே கர்ப்பசஞ்சி என்பார்கள். சஞ்சி என்றாலும் பைதான். காலியான பையை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்ற நினைப்பு அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய்க்காக எனக்கு 32 வயதில் கருப்பையை எடுத்தார்கள். அந்த முடிவுக்காக நான் வருந்தவில்லை. நோய் கருப்பையின் தசைக்குள்ளும் இறங்கியிருந்தது. இரண்டு வருடம் சாப்பிட்ட ஹார்மோன் மாத்திரை கைகொடுக்கவில்லை. ரத்தம் போய்ப்போய், மாடிப்படி ஏறினாலே கண் இருட்டியது. எனவே அறுவையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அதைப் பற்றி எங்கள் ஊர் நம்பிக்கொண்டிருப்பது தவறு என்றுதான் சொல்கிறேன். அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்களில் முப்பது வயதுகூட ஆகாத பெண்கள் இருக்கிறார்கள்.

2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் கருப்பையை எடுத்துக்கொண்டவர்கள் 100க்கு 3 பேர். ஆந்திரத்தில் கிட்டத்தட்ட 9 பேர். நாட்டிலேயே அதிகம் இங்கேதான். நோய் மாநில எல்லை பார்த்து வருவதில்லை. எடுத்துவிடு என்ற பேச்சுதான் இங்கே மலிவாகக் கிடைக்கிறது. அந்தப் பேச்சை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. “தீட்டு வலி எல்லாருக்கும் உண்டு. ஒரு பிள்ளை பிறந்தா சரியாயிடும்”

முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. மாதவிலக்கின்போது ஓரளவு வலி பலருக்கும் உண்டு. பள்ளிக்குப் போகவிடாத வலி, வாந்தியெடுக்க வைக்கும் வலி, மலம் கழிக்கும்போது குத்தும் வலி, தாம்பத்தியத்தில் வரும் வலி ஆகியவை அந்தக் கணக்கில் சேராது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கர்ப்பக் காலத்தில் மாதவிலக்கு நிற்பதால் சிலருக்கு வலி அடங்கலாம். மாதவிலக்கு திரும்பும்போது வலியும் திரும்பிவிடுகிறது.

சென்னையில் பிறந்த பத்மா லட்சுமி, அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்றவர். பதின்ம வயதில் தொடங்கிய வலிக்கு, 36 வயதில்தான் அவருக்கு நோயின் பெயர் தெரிந்தது. 2009இல் ஒரு மருத்துவருடன் சேர்ந்து இந்த நோய்க்காகவே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். நியூயார்க்கில் வசதியோடு இருந்தவருக்கே அத்தனை காலம் பிடித்தது. எனக்கு 14 வயதில் வலி வந்தது, 29 வயதில் பெயர் தெரிந்தது. இடையில் ஓடிய பதினைந்து வருடமும் ஓமத் தண்ணீரும் வலி மாத்திரையும்தான். காலத்தில் கண்டுபிடித்திருந்தால் கருப்பையை எடுக்கும் நிலை வராமலே போயிருக்கலாம்.

2. “பையை எடுத்துட்டா நோயும் போயிடும்”

கருப்பையின் உட்புறத்தில் இருக்கும் படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே முளைப்பதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பையில், குடலின் மேல், மூத்திரப்பையில், இடுப்புக்குழியின் சவ்வில் அது ஒட்டிக்கொள்கிறது. மாதந்தோறும் ஹார்மோனுக்கு ஏற்ப அங்கேயே வீங்குகிறது, கசிகிறது, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. வெளியே இருக்கும் நோயை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கருப்பையை மட்டும் எடுத்தால் வலி எப்படிப் போகும்?

ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ அமைப்பின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மற்ற சிகிச்சைகள் பலிக்காத, இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவுசெய்த பெண்ணுக்குக் கருப்பை அகற்றலை யோசிக்கலாம்; ஆனால் அது நோயை முழுதாகத் தீர்த்துவிடும் என்று உறுதி இல்லை என்பதை அவளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். என் அறுவையில், குடலின் மேல் ஒட்டியிருந்த திட்டுகளையும் சேர்த்து வெட்டி எடுக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. என் வலியைக் குறைத்ததில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றும் சில நாட்களில் இடுப்பின் அடியில் இறுக்கம் வரும். பல வருட வலியில் இறுகிப்போன தசைகளைத் தளர்த்த பிசியோதெரபி உதவுகிறது.

3. “எப்படியும் வயிற்றைத் திறக்கிறாங்க, எல்லாத்தையும் சேர்த்து எடுத்துடலாம்”

இதுதான் மிகக் கொடிய பேச்சு. ‘எல்லாம்’ என்பதில் சினைப்பைகளும் அடங்குகின்றன. கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், ஹார்மோன் நிற்காது. இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் அன்றைக்கே ஈஸ்ட்ரோஜன் சரிந்துவிடும். இயல்பாக ஐம்பதை ஒட்டி மெல்ல மெல்ல வரவேண்டிய மாற்றம், முப்பது வயது உடம்பில் ஒரே நாளில் வந்து இறங்கும். உடம்பு கொதிக்கும், தூக்கம் கெடும், மனம் தளரும். கண்ணுக்குத் தெரியாமல் எலும்பு தேயத் தொடங்கும். இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். 28 வயதில் அவருக்கு ‘பை ஆபரேஷன்’ நடந்தது. பத்து வருடம் கழித்து, வாசற்படியில் வழுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு உடைந்தது. நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் எங்கே போவோம்? புத்தூர் கட்டுக்குத்தான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வாசற்படியில் வழுக்கியதற்கே 38 வயதுக்காரிக்கு எலும்பு ஏன் உடைய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பீரோவில் புடவைக்கு அடியில் மடித்து வைத்திருந்த பழைய டிஸ்சார்ஜ் தாளை நான்தான் பிரித்துப் படித்தேன். இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டதாக அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியின் பொருள் பத்து வருடமாக அவருக்குத் தெரியாது.

சில பெண்களுக்கு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தே ஆகவேண்டிய நிலை வரலாம். அப்போதும், வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரை ஹார்மோன் மாற்று சிகிச்சை தருவதுதான் முறை. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தராமல் இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துத் தருகிறார்கள். மிச்சமிருக்கும் திட்டுகள் மறுபடி தூண்டப்படாமல் இருக்க அது உதவும். இதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் கேட்க வேண்டியது நாம்.

4. “மூணு மாசம் கட்டிலை விட்டு இறங்காதே” “துளைதானே போட்டாங்க, பத்து நாள்ல தறிக்கு வந்துடு”

ஒரே பெண்ணிடம் மாமியார் முதலாவதைச் சொல்வார், முதலாளி இரண்டாவதைச் சொல்வார். இரண்டும் தவறு. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைய வாய்ப்புண்டு. அதனால்தான் அறுவை முடிந்த மறுநாளே எழுப்பி நடக்கவிடுகிறார்கள். எனக்கு முதல் நடை, கட்டிலிலிருந்து ஜன்னல் வரை எட்டு அடி. இருமல் வந்தால் மடித்த நூல்புடவையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இரும வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வரும்போது ஆட்டோ குலுங்கிய ஒவ்வொரு தடவையும் அந்தப் புடவைதான் எனக்குத் துணை.

அதே சமயம், வெளியே மூன்று சிறிய தழும்புதான் தெரிகிறது என்பதற்காக உள்ளே ஆறிவிட்டதாக நினைக்கக்கூடாது. பிறப்புறுப்பின் உச்சியில் போட்ட தையல் ஆற வாரக்கணக்கில் ஆகும். குறைந்தது ஆறு வாரம் தண்ணீர்க்குடம், கேஸ் சிலிண்டர், நூல் மூட்டை எதையும் தூக்கக்கூடாது. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை தாம்பத்தியமும் கூடாது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், அதிக ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தார் சுற்றிக் கூலி வாங்கும் பெண்ணுக்கு ஆறு வாரம் என்பது ஆறு வாரக் கூலி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஓய்வைக் குடும்பம் முழுவதும் சேர்ந்து தாங்க வேண்டும் என்கிறேன்.

5. “அதுக்கப்புறம் அவ பொம்பளையே இல்லை”

வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விடுவதில் தெரியும். பெண்மை ஓர் உறுப்பில் இல்லை. என் குரலோ உழைப்போ ஆசையோ அறுவைக் கூடத்தில் தங்கிவிடவில்லை. ஆனால் துக்கம் இருந்தது. எனக்கு ஒரு மகள் உண்டு, இன்னொரு குழந்தைக்கு ஆசை இருந்தது. “அதான் ஒண்ணு இருக்கே” என்று ஆறுதல் சொன்னவர்கள் அந்தத் துக்கத்தை வாயடைக்கத்தான் செய்தார்கள். குழந்தையே இல்லாமல் இந்த அறுவைக்குப் போகும் பெண்ணின் நிலை இதைவிடக் கனமானது. அவள் அழ வேண்டுமென்றால் அழட்டும். பக்கத்தில் உட்காருங்கள், புத்தி சொல்லாதீர்கள். பல வாரம் ஆகியும் மனம் தேறாவிட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தேவையில்லாமல் நடக்கும் அறுவைகள் நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம், மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மாவட்டம், மாநிலம், நாடு என மூன்று நிலைகளில் கண்காணிப்புக் குழுக்கள் வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டுதல். நல்ல உத்தரவு. ஆனால் அறுவைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் மேசையில் உத்தரவு வந்து உட்காராது, நாம்தான் உட்காருகிறோம்.

திருப்பதிக்குப் போனாலும், வேலூருக்கோ சென்னைக்கோ போனாலும், அந்த மேசையில் நான்கு கேள்வி கேளுங்கள். அறுவைக்கு முன் செய்து பார்க்க வேறு சிகிச்சை மிச்சம் இருக்கிறதா? கருப்பைக்கு வெளியே இருக்கும் திட்டுகளையும் எடுப்பீர்களா? என் சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா? அவற்றை எடுத்தே ஆகவேண்டும் என்றால், பிறகு எனக்கு என்ன மருந்து, எத்தனை வருடம்? பதிலைத் தமிழிலோ தெலுங்கிலோ, உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாளை யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள்; பிறகு பீரோவில் வையுங்கள்.

எங்கள் தெரு அக்காவுக்கு இப்போது எலும்புக்கு மருந்து நடக்கிறது. அந்த ஒரு வரியைப் பத்து வருடம் முன்பே யாராவது படித்துச் சொல்லியிருக்க வேண்டும்.