பெட்டியில் வரும் டேட்டா சென்டர்: நம் வணிகர்கள் எந்த இடத்தில் நிற்பது?



"டேட்டா சென்டர்" என்ற சொல்லைப் பத்திரிகையில் பார்த்ததும், இது ஆயிரம் கோடிகளில் புரளும் பெரிய கம்பெனிகளின் விவகாரம், கடைவீதியில் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று நம்மில் பலர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது உண்டு. ஆனால் அந்தக் கூடத்தின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் கம்ப்யூட்டர் ஒரு பங்குதான். மீதியெல்லாம் கேபிள், சுவிட்ச் போர்டு, பேட்டரி, யு.பி.எஸ்., ஜெனரேட்டர், ஏர்கண்டிஷனர், தீயணைப்புக் கருவி, பூட்டு, கேமரா. நம் உறுப்பினர்கள் தலைமுறை தலைமுறையாக விற்றுவரும் சரக்குத்தான் இவை அனைத்தும்!

ஆகவே இதில் நமக்கு வியாபாரம் உண்டு. ஆனால் அந்த வியாபாரம் பெட்டியை விற்பதில் இல்லை. பெட்டி நிற்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர்கள் பிழைப்பார்கள். புரிந்துகொள்ளாமல் ஏஜென்சி எடுத்துக் கடனுக்குச் சரக்குப் போடுகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வார்கள் என்பது நமது கருத்து.

இது என்ன சரக்கு?

தகவல்களைச் சேமித்து வைக்கும் சர்வர்களுக்கு மூன்று தேவைகள். நொடி நேரமும் தடைபடாத மின்சாரம், இரவு பகல் ஓயாத குளிர்ச்சி, அந்நியர் நுழைய முடியாத காவல். இவற்றுக்காகத் தனிக் கட்டடம் எழுப்பி முடிக்க ஒன்றரை, இரண்டு வருடங்கள் ஆகிவிடும். அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே ஒரு கன்டெய்னர் அளவுப் பெட்டிக்குள் பொருத்தி, சோதித்து, லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். கான்கிரீட் மேடை போட்டு, கிரேனில் இறக்கி, மின்சாரத்தையும் ஃபைபர் கேபிளையும் இணைத்தால் சில மாதங்களிலேயே வேலை தொடங்கிவிடும். தேவை கூடும்போது பக்கத்தில் இன்னொரு பெட்டியை வைத்துக்கொள்ளலாம். இதைத்தான் மாடுலர் டேட்டா சென்டர் என்கிறார்கள். அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2006-லேயே 20 அடி கன்டெய்னருக்குள் இதை அமைத்துக் காட்டியது.

நம் நாட்டில் பெரிய டேட்டா சென்டர்கள் மும்பையிலும் சென்னையிலும் அதிகம். கடலடி கேபிள்கள் இவ்விரு நகரங்களில் கரையேறுவது இதற்கு முக்கியக் காரணம். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழுந்துள்ள கட்டடங்களை உறுப்பினர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே கொள்முதல் எல்லாம் உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக நடக்கிறது. அந்த வாசலில் போய் நாம் நிற்பதில் பயன் இல்லை. நமக்கு உரிய சந்தை கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி போன்ற ஊர்களில் 20 கிலோவாட் முதல் சில நூறு கிலோவாட் வரை தேவைப்படும் நடுத்தர வாடிக்கையாளர்தான்.

யார் வாங்குவார்கள்?

பணப் பரிமாற்றத் தகவல்களை இந்தியாவிலேயே வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. கம்ப்யூட்டர் அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்களுக்கு இந்தியாவுக்குள் பாதுகாக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் அதன் நகலைத் தினந்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் எடுத்துவைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

இவற்றைக் காட்டி, "சட்டம் கேட்கிறது, பெட்டி வாங்குங்கள்" என்று விற்கும் பேச்சு இனி அதிகம் கேட்கும். அந்தப் பேச்சை நம் உறுப்பினர்கள் பேசக்கூடாது. தகவல் இந்தியாவில் இருக்க வேண்டும் என்றுதான் இந்த விதிகள் சொல்கின்றனவே தவிர, உங்கள் காம்பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சென்னையில் வாடகைக்கு இடம் எடுத்தாலும் விதி நிறைவேறிவிடும். தேவையில்லாதவருக்குச் சரக்கைத் தள்ளிவிட்ட கடைக்கு வாடிக்கையாளர் மறுமுறை வருவதில்லை.

உண்மையான தேவை உள்ளவர்கள் மூன்று வகையினர். இணைய இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்கக்கூடாத தொழிற்சாலைகளும் பெரிய மருத்துவமனைகளும் முதல் வகை. ஸ்கேன் படங்கள், கேமராப் பதிவுகள், சினிமாப் படத்தொகுப்பு என்று, தூரத்துக்கு அனுப்ப முடியாத அளவு தகவல் சேர்பவர்கள் இரண்டாம் வகை. உள்ளூர் இணையச் சேவை நடத்துவோர் போல, தாங்கள் வாங்கி மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுபவர்கள் மூன்றாம் வகை. இவற்றோடு பொதுத்துறையும் உண்டு. ரயில்டெல் நிறுவனம் நாடு முழுவதும் 102 இடங்களில் சிறிய டேட்டா சென்டர்கள் அமைக்கும் திட்டத்தை அறிவித்ததே இதற்குச் சான்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்த வகையினரைக் கணக்கெடுத்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தின் சில பக்கங்களில் பட்டியல் முடிந்துவிடும். அந்தச் சிலரை நன்றாகக் கவனித்தாலே போதும்.

விலையைப் பேசாதீர்கள், கரண்ட் பில்லைப் பேசுங்கள்

வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய முறையே வேறு. 100 கிலோவாட் சர்வர்கள் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். வருடம் முழுவதும் ஓடினால் சர்வர்கள் மட்டுமே 8,76,000 யூனிட் மின்சாரம் எடுக்கும். குளிர்ச்சிக்கும் மற்றவற்றுக்கும் அதில் பாதி கூடுதலாகச் செலவானால் மொத்தம் 13,14,000 யூனிட். நல்ல வடிவமைப்பினாலும் பராமரிப்பினாலும் அந்தக் கூடுதல் செலவை 50 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைத்தால் 1,75,200 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 14 லட்சம் ரூபாய்! பெட்டியின் விலையில் 2 சதவீதம் தள்ளுபடி கேட்டு மல்லுக்கு நிற்கும் முதலாளி, இந்தக் கணக்கைக் காட்டினால் உட்கார்ந்து கேட்பார்.

சர்வர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. 100 கிலோவாட் வெப்பத்தை அகற்ற 28 டன்னுக்கு மேல் குளிரூட்டும் திறன் வேண்டும். அப்படியானால் ஒன்றரை டன் வீட்டு ஏ.சி. 19 மாட்டினால் போயிற்று என்று யாரும் நினைக்கக்கூடாது. வீட்டு ஏ.சி. மனிதர்களுக்காகச் செய்தது. அது ஈரத்தையும் சேர்த்து இழுக்கும், ஓய்வின்றி வருடக்கணக்கில் ஓடுவதற்கு அது ஏற்றதல்ல. இதற்கென்று தனி வகை இயந்திரங்கள் உண்டு. ஒன்று பழுதானால் தாங்கிக்கொள்ள மாற்று இயந்திரமும் தயாராக நிற்க வேண்டும். இதைத் தெரிந்து பேசும் ஏ.சி. வியாபாரிக்கும், தெரியாமல் கொட்டேஷன் கொடுப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை வாடிக்கையாளர் முதல் கோடையிலேயே கண்டுகொள்வார்.

இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மிதந்தது நமக்குத் தெரியும். மேடையை எத்தனை அடி உயர்த்துவது, ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்பதை மும்பையில் இருந்துகொண்டு வரைபடம் போடுகிறவரை விட, அந்தத் தெருவில் மழைநீர் எதுவரை ஏறியது என்று தெரிந்த உள்ளூர்க் கடைக்காரர்தான் சரியாகச் சொல்வார்.

நமது மூலதனம் தூரம்தான்

பெரிய கம்பெனிகளோடு நாம் எப்படிப் போட்டி போடுவது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பெட்டி தயாரிப்பில் போட்டி போட வேண்டாம். ஆனால் திருநெல்வேலியில் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு பிரேக்கர் எரிந்துபோனால், சென்னையிலிருந்து ஆள் வர மறுநாள் ஆகிவிடும். ஜங்ஷனில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் அரை மணியில் போய் நிற்பார். அந்த அரை மணி நேரத்தைத்தான் நாம் விற்க வேண்டும். பெட்டி ஒருமுறை விற்கும் சரக்கு, பராமரிப்பு ஒப்பந்தமோ வருடா வருடம் வரும் வருமானம்.

அதற்காகக் கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கக்கூடாது. டீசல் ஜெனரேட்டருக்குப் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி 2023 ஜூலை 1 முதல் வந்தபோது, பழைய ரகம் கையிருப்பில் வைத்திருந்தவர்களுக்கு என்ன கவலை என்பதை அந்தத் துறையினர் அறிவார்கள். பேட்டரியிலும் ஈயத்திலிருந்து லித்தியத்துக்கு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஒப்பந்தம் போட்ட வாடிக்கையாளரின் இயந்திரத்துக்கு வேண்டிய ஃபில்டர், ஃபேன், ஃபியூஸ், கான்டாக்டர், பிரேக்கர், சென்சார் ஆகியவற்றை மட்டும் கையில் வையுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

கடன்தான் பெரிய ஆபத்து

கைபேசி டவர்கள் முளைத்த காலம் நினைவிருக்கும். பேட்டரி, கேபிள், டீசல் சப்ளை என்று நம் வணிகர்கள் பலர் உற்சாகமாக இறங்கினார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2018-இல் தமிழகத்தில் பெயர்பெற்ற ஒரு கைபேசி நிறுவனமே திவால் மனு போட்டது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி கம்பெனியைக் கலைத்துச் சொத்தைப் பங்கிடும்போது, அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவர்களும் தொழிலாளர்களும் முன்வரிசையில் நிற்பார்கள். சரக்குக் கொடுத்த வியாபாரி வெகு பின்னால்தான் நிற்பார். தொழில்நுட்பம் ஜெயித்தாலும் சப்ளையர் தோற்கலாம் என்பதுதான் அந்தக் காலம் கற்றுத்தந்த பாடம்.

இந்தத் துறையில் அந்த ஆபத்து கூடுதல். 2022-இல் டேட்டா சென்டர்களுக்கு அடிப்படைக் கட்டமைப்பு என்ற தகுதியை மத்திய அரசு தந்தது. அதனால் நீண்டகாலக் கடன் கிடைப்பது எளிதாயிற்று. ஆனால் அது 5 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள பெரிய மையங்களுக்குத்தான். 100 கிலோவாட் பெட்டி போடுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. வங்கியில் எளிதாகக் கிடைக்காத பணத்தை அவர் எங்கே தேடுவார்? சப்ளையரிடம் 90 நாள், 120 நாள் கெடு கேட்பார். அதாவது நம்மையே வங்கியாக்கப் பார்ப்பார்!

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய சட்ட நுணுக்கம் ஒன்றும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில் நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பணத்தை 45 நாட்களுக்குள் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆனால் 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் உத்யம் பதிவில் சேர்த்தபோது, முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும்தான் என்று மத்திய அரசு வரையறுத்துவிட்டது. ஆகவே வாங்கி விற்பவருக்கு அந்த 45 நாள் பாதுகாப்பு இல்லை. பராமரிப்பு, பொருத்துதல் போன்ற சேவை செய்யும் நிறுவனத்துக்கு உண்டு. ஒரே முதலாளி, ஒரே வாடிக்கையாளர், ஆனால் பதிவு எப்படி என்பதைப் பொறுத்து உரிமை மாறுகிறது. ஆடிட்டரைக் கலந்து இதைச் சரிசெய்துகொண்டு பிறகு இறங்குவது நல்லது. வணிகர்களுக்கும் இந்த 45 நாள் உரிமையைத் தர வேண்டும் என்று நம் சங்கங்கள் தொடர்ந்து குரல் கொடுக்கவும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, தனித்தனியாக இறங்க வேண்டாம். எலக்ட்ரிக்கல், ஏ.சி., ஜெனரேட்டர், கம்ப்யூட்டர் ஆகிய நான்கு துறையினர் ஓர் ஊரில் கூட்டாக ஒரு சேவை நிறுவனம் தொடங்கட்டும். வாடிக்கையாளர் ஒரே போன் நம்பரைத்தான் விரும்புவார், "அது ஏ.சி.க்காரர் பொறுப்பு" என்ற பதிலை விரும்பமாட்டார்.

இரண்டாவது, பெட்டிக் கம்பெனியோடு ஏஜென்சி ஒப்பந்தம் போடும்போது, ஆட்களுக்குப் பயிற்சி யார் தருவது, உத்தரவாதக் காலத்தில் பழுது பார்த்தால் கூலி யார் தருவது, விற்காத உதிரிபாகத்தைத் திரும்ப எடுப்பார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். இவ்வளவு பெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவது, ஆர்டரோடு ஒரு பங்கு, சரக்கு இறங்கியதும் ஒரு பங்கு, ஓட்டிக் காட்டியதும் மீதி என்று பணத்தைப் பிரித்து வாங்குங்கள். பராமரிப்புக் கட்டணம் மூன்று மாதத்துக்கு முன்பணமாக வரட்டும்.

நான்காவது, ஐ.டி.ஐ. முடித்த உள்ளூர் இளைஞர்கள் நான்கு பேரை இப்போதே எடுத்துப் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஆள் இல்லாத சேவை நிறுவனம் வெறும் போர்டுதான்.

எல்லாம் கிளவுடுக்குப் போய்விடும், உள்ளூரில் பெட்டிக்கு இடமிருக்காது என்று சொல்வோரும் உண்டு. பலருக்கு அது பொருந்தும் என்பதை முன்பே சொன்னோம். ஆனால் கிளவுடு என்பதும் எங்கோ ஒரு கூடத்தில் மின்சாரம் தின்று, சூடு கக்கி ஓடும் இயந்திரம்தான். அது எந்த ஊரில் ஓடினாலும் அந்த ஊரில் பிரேக்கர் எரியும், ஃபில்டர் அடைக்கும், பேட்டரி வயதாகும்.

நம் கடைகளின் சுவரில் "கடன் அன்பை முறிக்கும்" என்று எழுதிவைத்த பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, வியாபாரம் தெரியும். புதுச் சரக்கைக் கண்டு அஞ்ச வேண்டாம், பழைய பாடத்தை மறக்கவும் வேண்டாம். அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இந்தப் பொருளை எடுத்துப் பேசுங்கள். தேவை உள்ள வாடிக்கையாளர் பட்டியலோடு வாருங்கள். மற்றவற்றைச் சேர்ந்து தீர்மானிப்போம்.