ஒப்பீட்டுக் குழு

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷமாய்க் கட்டைவிரல்களைப் பார்த்துவருகிறேன். கடன் பத்திரத்தில் பென்சிலால் குறி போட்டுக் கொடுப்போம். சனங்கள் அங்கே மையை அழுத்திவிட்டுப் போவார்கள். என்ன எழுதியிருக்குன்னு யாரும் கேட்பதில்லை; நாங்களும் வாசித்துக் காட்டுவதில்லை.

போன மாசம் திருவேட்டக்குடியில் எங்க தெரு அக்கா ஒரு தாளை நீட்டினார். “தம்பி, ஏதோ ஆராய்ச்சியாம். கைநாட்டு வைக்கலாமா?” சர்க்கரை வியாதி பற்றிய ஆய்வு. ஒரு பகுதிக்குச் சோதிக்கிற கருவி, இன்னொரு பகுதிக்கு விழிப்புணர்வுப் பேச்சு மட்டும். எனக்குத் திண்டுக்கல் ஞாபகம் வந்தது.

2000-இல் திண்டுக்கல் கிராமங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு தொடங்கியது. நடத்தியவர்களில் முக்கியமானது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம். பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். 114 தொகுதிகளைக் குலுக்கிப் போட்டு 57 இந்தப் பக்கம், 57 அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு நர்சுகள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வினிகர்தான், வேறொன்றுமில்லை. ஒரு நிமிஷத்தில் கோளாறான இடம் வெளுக்கும். அந்தப் பக்கத்து 30,958 பெண்களுக்கு இது கிடையாது. அவர்கள் ஒப்பீட்டுக் குழு. அவர்களுக்கு ‘வழக்கமான சிகிச்சை’.

வழக்கமான சிகிச்சை என்றால்? பரிசோதனையே இல்லை என்று அர்த்தம். பாப் பரிசோதனை 1940களிலேயே வந்து, பணக்கார நாடுகளில் சாவைக் குறைத்துக் காட்டிவிட்டது. நம் கிராமத்துக்கு அது வந்து சேரவில்லை. வராததையே நமக்கு வழக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். சேரிக்கு ரோடு போடாதவன், ‘உங்களுக்குச் சேத்துல நடந்துதானே பழக்கம்’ என்பானே, அந்தக் கதைதான்.

2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. பரிசோதித்த பக்கத்தில் நோய் 25 சதம், சாவு 35 சதம் குறைவு. ஒப்பீட்டுக் குழுவில் இந்நோயால் செத்தவர்கள் 92 பேர். மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்த இன்னோர் ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைத்தது புற்றுநோய் பற்றி ஒரு தடவை விளக்கம். மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் மூன்றிலும் பரிசோதிக்காமல் விடப்பட்டவர்களில் குறைந்தது 254 பேர் செத்தார்கள் என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா 2014-இல் கணக்குக் காட்டினார்.

ஆய்வே நடக்காவிட்டால் வினிகர் வேலை செய்யும்னு எப்படித் தெரியும் என்பார்கள். நியாயமான கேள்வி. தமிழக அரசு 2007-இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் இதே முறையைச் சோதனையாகத் தொடங்கியது. ஆனால் ஒப்பிட வேண்டுமானால் ஒரு கூட்டத்தை வெறுங்கையோடு நிறுத்தித்தான் ஆகணுமா? 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோயாளிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் தங்கள் நெருக்கடியான வீட்டில். மருந்து இருவருக்கும் ஒன்றே. வீட்டிலிருந்த ஏழைகளும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்று 1959-இல் தெரிந்தது. வீட்டாருக்கும் அதனால் தொற்று கூடவில்லை. உலகமே காசநோய்க்கு வீட்டில் வைத்து மருந்து கொடுக்கிற வழக்கம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. மருந்தில்லாமல் விடப்பட்டவர் அதில் ஒருவருமில்லை.

அக்காவுக்குத் தாளை முழுசாய் வாசித்துக் காட்டினேன். “நாம எந்தப் பக்கம்னு போட்டிருக்கா?”

“இல்லைக்கா. குலுக்கல்தான்.”

“பேச்சு மட்டும் கேக்கிறவங்களுக்கு, முடிஞ்சப்புறமாவது கருவி குடுப்பாங்களா?”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த வரி இல்லை.

“அப்ப அவங்க வரட்டும்” என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.